முழங்கை சுவிட்ச்

பதினொன்று ஐந்துக்கு உளுந்து விழுந்தது. பதினொன்றரைக்கு மாவு பதம் வரும், மயிலாத்தா நிறுத்துவார், நிறுத்தியதும் இந்தத் தாளின் அடியில் இருக்கிற கட்டத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் தீபாவளிக்கு இந்தக் கிரைண்டர் கடைகளுக்குப் போய்விடும். போட மாட்டேன் என்று சொல்லப்போகிறேன். காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்தாயிற்று. வாக்கியம்கூடத் தயார்: தம்பி, இதை அவசரத்துக்கு நிறுத்த முடியாது, நான் கையெழுத்துப் போட மாட்டேன். இவ்வளவுதான். பீளமேடு சிக்னலில் ஹெல்மெட்டுக்குள் மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். முதல் தரம் நன்றாக வந்தது. இரண்டாம் தரம் "நான்" விழுந்துபோனது. மூன்றாம் தரம் "போட மாட்டேன்" என்பது "போடறதுக்கு முன்னாடி ஒருக்கா யோசிச்சுக்கலாமா" என்று ஆகிவிட்டது, பச்சை விழுந்து பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடித்தார். அதுதான் நான். வெள்ளிங்கிரி, வயது ஐம்பத்து நான்கு, முப்பத்தோரு வருஷமாக ஒரே கம்பெனியில் கிரைண்டர் வடிவமைக்கிறவன், டிசைன் மேனேஜர் என்று கதவில் பெயர்ப் பலகை உள்ளவன், கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரைக் கை மறித்துப் போதும் என்று சொல்லத் தெரியாதவன். என் இலையில் எப்போதும் ரசமும் பாயாசமும் ஓடிக் கலந்து கிடக்கும். பக்கத்து இலைக்காரர்கள் கையை லேசாகக் குறுக்கே நீட்டுகிறார்கள், வாளி தாண்டிப் போய்விடுகிறது. எனக்கு அந்தக் கை எழும்புவதில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது, கூச்சம்தான். அள்ளிப் போட ஆசையோடு வந்தவர் முகம் சுருங்கிவிடக் கூடாதே என்று. "திங்கப்போறது நீங்களா, அவியளா?" என்று வசந்தி கேட்பாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து கேட்கிறாள். 

முதுகுக்குப் பின்னால் இரைச்சல். சோதனை அறையில் என் மேஜை ஜன்னலைப் பார்த்துக் கிடக்கிறது, ஜன்னலுக்கு மேலே கடிகாரம். மேடை எனக்குப் பின்னால், மேடையில் மெஷின், மெஷின் முன்னால் மயிலாத்தா. பத்தொன்பது வருஷமாக இங்கே வந்த ஒவ்வொரு மாடலிலும் முதல் மாவு ஆட்டுவது அந்த அம்மாதான். ஆயுத பூஜை அன்றைக்கு லைனிலிருந்து இறங்குகிற முதல் மெஷினுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டு அவர் வீட்டுக்கே அனுப்பிவைப்போம், அவர் பழசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், அது கம்பெனி வழக்கம். இப்போது கிண்ணத்தில் கை விட்டுத் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்கிறது. ஓரத்தில் ஏறுகிற மாவை விரலால் வழித்து உள்ளே தள்ளுவார். விரலால் தள்ளாதீர்கள் என்று கையேட்டில் படம் போட்டு எழுதியிருக்கிறோம், அதற்கென்று கரண்டியும் தருகிறோம், அந்தக் கரண்டியை எந்த வீட்டிலும் மாவு தள்ளப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. வசந்தி உப்பு ஜாடிக்குள் போட்டு வைத்திருக்கிறாள். எல்லோரும் விரலால்தான் தள்ளுகிறார்கள், மாவு ஆட்டுகிற வீட்டில் கை ஈரமில்லாத ஆள் வேடிக்கை பார்க்கிற ஆள். "உங்கள் மாவு கால் பங்கு தயார்" என்று மெஷின் சொல்கிறது. ரயில் வருகிறது என்று அறிவிக்கிற மாதிரி ஒரு பெண் குரல், ஐந்து பாஷையில் சொல்லும். "செரி சாமி" என்கிறார் மயிலாத்தா. ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிவிடுகிறார், பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. மெஷின் முகப்பில் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு பலகை, தொட்டால் விளக்கு எரியும். இட்லி, தோசை, வடை, அடை, ஆப்பம், பணியாரம், ஊத்தப்பம் என்று ஏழு படம். உள்ளே மோட்டார் ஒன்று. அதற்கு ஒரே வேகம். ஊத்தப்பத்தைத் தொட்டாலும் அடையைத் தொட்டாலும் அது அதேபோலத்தான் சுற்றும், தானாக நிற்கிற நேரம்தான் ஒன்றிரண்டு நிமிஷம் முன்னே பின்னே. இது எனக்குத் தெரியும், சின்ன முதலாளி நிஷாந்துக்குத் தெரியும், மோட்டாருக்கும் தெரியும். ஏழு எதற்கு தம்பி, ஒன்று போதுமே என்று ஒரு கூட்டத்தில் நானே வாய் திறந்து சொன்னேன், என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. நிஷாந்த் உடனே பேனாவை எடுத்தார். நல்ல யோசனை அங்கிள் என்றார். மறுவாரம் பலகையில் எட்டாவதாக ஒரு படம் வந்துவிட்டது, "எளிய முறை" என்று. அதற்குப் போக மூன்று இடத்தில் தொட வேண்டும்.

நிறுத்துவதற்கு ஒரு கை படம். உலர்ந்த விரலால் அதை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் மெஷின் நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று. ஜன்னலைப் பார்த்தபடி எண்ணுகிறேன், முற்றத்தில் லோடு இறக்குகிறவர் தோளில் இருந்த பெட்டியை இறக்கி வைத்து, நிமிர்ந்து, துண்டை உதறி முகமே துடைத்துவிட்டார். அவ்வளவு நீளம் மூன்று விநாடி. பொள்ளாச்சி வீட்டுக்கார அம்மா மூன்று விநாடி அழுத்தித்தான் நிறுத்த வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், மெஷின் சத்தம் போடுகிறது என்று புகார் வந்து பெரியவரும் நானும் காரில் போயிருந்தோம். பெரியவர் என்றால் முதலாளி, நிஷாந்தின் அப்பா. தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. அந்த அம்மா புகாரை விட்டுவிட்டு வேறு கதை சொன்னார். போன வாரம் மாவு ஆட்டும்போது முந்தானை நழுவிக் கல்லுக்குள் போய்விட்டது, கல் சேலையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது, கழுத்து குனிந்துகொண்டே போகிறது, ரெண்டு கையிலும் மாவு, ரெண்டு கையாலும் சேலையை இழுத்துப் பிடித்திருக்கிறேன், விட்டால் தலை உள்ளே போகும். "அப்பறம் என்னம்மா பண்ணினீங்க?" என்றார் பெரியவர். "மொழங்கையில இடிச்சனுங்க, சுவிட்ச் திரும்பீருச்சு" என்று அந்த அம்மா முழங்கையைத் தூக்கிக் காட்டினார். சிரித்தார். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு இருந்தது, அதன் மேலே மஞ்சள் தேய்த்திருந்தார். அந்த மஞ்சளும் அந்தச் சிவப்பும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. திரும்பி வருகிற வழியில் பெரியவர் கிணத்துக்கடவு தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி நின்றார், பிறகு என்னிடம் சொன்னார், "வெள்ளிங்கிரி, அந்த சுவிட்சைப் பெருசு பண்ணு. கண்ணை மூடிட்டு மொழங்கையில தட்டினா நிக்கோணும். வேறெதும் பண்ண வேண்டாம்." பண்ணினேன். ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு திருகு சுவிட்ச், இரண்டு பக்கமும் காது வைத்தது, எந்தப் பக்கம் தட்டினாலும் அணையும். பட்டறையில் அதற்கு முழங்கை சுவிட்ச் என்றே பெயர். அதற்கப்புறம் பத்து வருஷம் அந்த மெஷினில் நாங்கள் வேறு எதையும் மாற்றவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான், அதுவும் இன்னொருத்தர் சொல்லிச் செய்தது.

"உங்கள் மாவு பாதி தயார்." "ஆகட்டுஞ்சாமி." பதினொன்று பதினெட்டு. வாக்கியம் எங்கே போயிற்று. தம்பி, இதை அவசரத்துக்கு. ஆமாம். பெரியவருக்குப் போதும் என்று சொல்லத் தெரிந்திருந்தது, அதிலும் யார் முகமும் சுருங்காமல். ஆடி மாதம் டீலர்கள் கூட்டம் நடக்கும். ஒவ்வொரு டீலருக்கும் ஒரு சீட்டு, மெஷினில் என்ன வேண்டும் என்று ஒரே ஒரு ஆசை எழுதிக் கொடுக்கலாம். பெரியவர் எழுந்து நின்று ஒவ்வொரு சீட்டாகச் சத்தமாகப் படிப்பார். ஈரோட்டுக்காரர் தேங்காய் துருவி கேட்கிறார். மதுரைக்காரர் வீட்டுக் குழந்தை திருகி ஓடவிட்டுவிட்டதாம், குழந்தை தொட்டால் ஓடாத மாதிரி கேட்கிறார். சேலத்துக்காரர் உள்ளே நீல விளக்கு கேட்கிறார். படித்துவிட்டு எழுதியவரைப் பார்த்து ஒரு கும்பிடு, சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பார். பிறகு இலை போட்டுச் சாப்பாடு, தானே வந்து ஒவ்வொருவர் இலையிலும் நெய் ஊற்றுவார். சாயந்தரம் சீட்டு எல்லாம் அவர் மேஜை இழுப்பறைக்குள் போய்விடும், பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வார். அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் கிடைக்காது, எல்லோரும் சந்தோஷமாக ஊருக்குப் போவார்கள், அடுத்த ஆடிக்கு இன்னொரு ஆசையோடு வருவார்கள். எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரியவில்லை அப்போது, சும்மா ஒரு சடங்கு என்று நினைத்தேன். பிறகு பெரியவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது, வாயும் போயிற்று, நிஷாந்த் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வந்த பையன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அப்பாவிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, பட்டறையில் எல்லோரும் அவரை விருந்தாளி மாதிரி பார்த்தார்கள். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றாமல் இருந்திருக்கலாம். வீட்டிலிருந்து சாவி வாங்கி இழுப்பறையைத் திறந்து இருபத்திரண்டு வருஷத்துச் சீட்டையும் எடுத்து, ஒரு வாரம் உட்கார்ந்து, ஊர் வாரியாக, வருஷ வாரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள், அச்செடுத்து ஸ்பைரல் போட்டு அவர் கையில் கொடுத்தேன். உங்க அப்பா எவ்வளவு பேர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கார் பாருங்க தம்பி என்று சொல்லத்தான் கொடுத்தேன். அவர் நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்பா இத்தனை பேருக்கு வாக்குக் குடுத்திருக்காரா அங்கிள்? ஒண்ணையும் விடக் கூடாது. வரிசையா செஞ்சிரலாம்." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இல்லை தம்பி, இது செய்வதற்கு இல்லை, வாங்கி வைப்பதற்கு, என்று சொல்லியிருக்க வேண்டும். அழுதுகொண்டு நிற்கிற பிள்ளையிடம் அதைச் சொல்ல எந்த நாக்கு எழும்பும். "செஞ்சிரலாம் தம்பி" என்றேன். நெய் இலை முழுக்க ஓடிவிட்டது.

ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது, அதுதான் கொடுமை. ஒன்றாவது கிறுக்குத்தனமாக இருந்திருந்தால் நானே எதிர்த்திருப்பேன், எதிர்த்திருப்பேனா, சரி, முகம் சுளித்தாவது இருப்பேன். சீட்டுப்படி படம் வேண்டும், குரல் வேண்டும், விளக்கு வேண்டும், எடை காட்ட வேண்டும், செல்போனிலிருந்து ஓட்ட வேண்டும், இத்தனைக்கும் முகப்பில் இடம் வேண்டும், அதனால் பலகை வந்தது. மதுரைக் குழந்தைக்காக மூன்று விநாடி அழுத்தினால்தான் ஓடும் என்று வைத்தோம். நிறுத்துவதற்கு ஒரு தொடுதல் போதும் என்றுதான் இருந்தது, ஆனால் தெளிக்கிற தண்ணீர் ஒரு சொட்டுப் பட்டாலும் மெஷின் நின்றுகொண்டே இருந்தது, சரி நிறுத்துவதற்கும் மூன்று விநாடி. தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் தோல் ஒட்டினோம், தோல் ஒட்டியதும் ஈர விரலை அதற்குத் தெரியவில்லை. பலகை வந்த இடத்தில்தான் முழங்கை சுவிட்ச் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். பெங்களூரிலிருந்து வந்திருந்த டிசைன்காரர் அந்தச் சுவிட்சைத் திரையில் காட்டி, பழைய ரேடியோ மாதிரி இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார், எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உண்மையாகவே பார்த்தார்கள், நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று காத்திருந்தார்கள். அப்போது டீ வந்தது. நான் டீயை எடுத்துப் பக்கத்தில் இருந்தவருக்கு நகர்த்தினேன், சர்க்கரை போட்டது எது போடாதது எது என்று விசாரித்தேன். டீ முடிந்தபோது திரையில் அடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருக்கிறது. முதல் மாதிரி தயாரானதும் பெரியவர் பார்க்கட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுபோனோம். சக்கர நாற்காலியில் இருந்தார். மெஷினை மடிக்கு நேராக ஸ்டூலில் வைத்து நிஷாந்த் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார், குரல் வணக்கம் சொன்னது, நீல விளக்கு எரிந்தது. பெரியவர் இடது கையைத் தூக்கி முகப்பைத் தடவினார். வலது மூலையில் கை நின்றது. அந்த இடத்திலேயே காற்றில் கையைத் திருகினார். ஒரு தரம், இரண்டு தரம். "தண்ணி கேக்கறாரா?" என்று நிஷாந்தின் அம்மா ஓடினார். "சாவி கேக்கறார்னு நினைக்கிறேன்" என்றார் நிஷாந்த். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டு கையைத் திருகினார். எனக்குத் தெரியும் அவர் எதைத் தேடுகிறார் என்று. தண்ணீர் வந்தது, குடிக்கவைத்தார்கள், பாதி தாடையில் வழிந்தது. நான் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டேன். அவர் கண் என்னை விடவே இல்லை. 

பதினொன்று இருபத்தாறு. மாவு பொங்குகிற சத்தம் மாறிவிட்டது, கடகடப்பு போய் மெத்தென்று இருக்கிறது. தாளைப் பார்க்கிறேன். அறுபது வரி. அறுபது நாள் அறுபது ஈடு மாவு, இன்றைக்கு அறுபதாவது. ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்வி, "நிறுத்தும்போது நின்றதா?" ஐம்பத்தொன்பது டிக், எல்லாம் என் கையால் போட்டது. மயிலாத்தா நிறுத்துவார், சத்தம் அடங்கும், நான் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதுவேன், "நின்னுருச்சுங்களாக்கா?" என்று திரும்பாமலே கேட்பேன், "நின்னுருச்சுங்க" என்பார், டிக். போன வாரம் தயங்கித் தயங்கி, ஈரக்கை விஷயம் கொஞ்சம் உறுத்துகிறது தம்பி என்று ஆரம்பித்தபோது நிஷாந்த் இந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினார். அங்கிள், நீங்களே பாஸ் போட்டிருக்கீங்க. போட்டிருக்கிறேன்தான். ஒருவேளை நிற்கத்தான் செய்கிறதோ, நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ, மயிலாத்தாவின் விரலுக்குப் பலகை பழகிவிட்டதோ. அப்படி இருந்தால் நல்லது. அப்படி இருந்தால் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ச்சீ, எவ்வளவு சீக்கிரம் மனசு அந்தப் பக்கம் ஓடுகிறது. தீபாவளிக்கு ஒன்பதாயிரம் மெஷின். ஒன்பதாயிரம் சமையலறையில் ஒன்பதாயிரம் பேர் காலையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு குனிவார்கள். ஒரே ஒருத்திக்கு நழுவினால் போதும். அவள் முழங்கையைத் தூக்கி இடிப்பாள், பலகையில் வடையோ பணியாரமோ எரியும், குரல் ஏதாவது சொல்லும், கழுத்து குனிந்துகொண்டே போகும். எனக்குப் பயமாக இருக்கிறது.  இன்றைக்கு ஒரு தரம் திரும்பிப் பார்ப்போம், மூன்று விநாடியையும் கண்ணால் எண்ணிவிடுவோம், பிறகு வாக்கியத்தைச் சொல்வோம். நாற்காலியைத் திருப்பினேன். மயிலாத்தா மாவில் ஒரு துளி எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டார், அது பூ மாதிரி மிதந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டு கையும் மணிக்கட்டு வரை மாவு. மெஷினைப் பார்க்கவே இல்லை. உடம்பை லேசாகச் சாய்த்து, மேடைக்குப் பக்கத்தில் சுவரில் இருக்கிற சுவிட்ச் போர்டை முழங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். மெஷின் நின்றது. குரலும் பாதியில் நின்றது. "நின்னுருச்சுங்க" என்றார், நான் கேட்காமலே.

"அக்கா" என்றேன். "எப்பவும் இப்படித்தானா?"

"எப்படீங்க?"

"செவுத்து சுவிட்ச்ல."

"பின்னே? அந்தக் கண்ணாடி நம்ம கைக்கு மசியறதில்லீங்களே. மொத நாள் அமுக்கிப் பார்த்தேன், தொடச்சுத் தொடச்சு அமுக்கினேன், மாவு கொழஞ்சு போச்சுங்க. அப்பறம் எதுக்கு வம்புன்னு இதுலயே அணைச்சர்றது." என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "ஏனுங்க சார், தப்புங்களா? நின்னுதான்னுதானுங்களே கேட்டீங்க?"

தப்பில்லை. தப்பு ஐம்பத்தொன்பதும் என்னுடையது. ஆனால் எனக்குள் சட்டென்று ஒரு வெளிச்சம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சந்தோஷம் வந்துவிட்டது. சாட்சி கிடைத்துவிட்டது. இனி என் பயம் வெறும் பயம் இல்லை, அறுபது நாள் ஒரு தரம்கூட இந்தப் பலகை நிறுத்தியதில்லை, இதற்கு மேல் யார் என்ன பேச முடியும். பெரியவர் கையைத் திருகியதற்குப் பதில் சொல்லிவிடலாம். கதவு திறந்து நிஷாந்தே வந்தார், கையில் போன். "முடிஞ்சுதா அங்கிள்? போட்டோகிராபர் வந்துட்டார்." தம்பி ஒரு நிமிஷம் என்றேன், குரல் எனக்கே புதிதாக இருந்தது. மயிலாத்தாவை மெஷினை மறுபடி ஓட்டச் சொன்னேன், மாவுக் கையோடு அந்தக் கை படத்தை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். நானும் நிஷாந்தும் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்று விநாடி, ஐந்து, பத்து, மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு முழங்கையால் சுவரில் தட்டினார். நிஷாந்தின் முகம் வெளுத்துவிட்டது. கெட்ட பிள்ளை இல்லை, ஒருநாளும் இல்லை.

"அங்கிள், இது பெரிய விஷயம்" என்றார்.

இப்போதுதான். தம்பி, இதை அவசரத்துக்கு நிறுத்த முடியாது, நான். "தம்பி, நான்" என்றேன்.

"நீங்க பார்க்கலைன்னா என்ன ஆயிருக்கும்!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பழைய சுவிட்ச் மாதிரி ஒண்ணு வேணும் இல்லையா? மொழங்கையில தட்டற மாதிரி?" போனை எடுத்துப் பட்டியலைத் திறந்தார், நான் ஏற்றிக் கொடுத்த அதே பட்டியல், இப்போது அவர் போனில் இருக்கிறது. கட்டைவிரல் வேகமாக ஓடியது. "இருநூத்திப் பதிமூணாவது. முழங்கை ஸ்டாப். பேரே பிரமாதமா இருக்கு அங்கிள். அடுத்த வருஷம் பிரீமியம் மாடல்ல கொண்டு வந்துரலாம். பெட்டி மேலயே போடலாம்."

"இதுல, தம்பி?"

"இதுல எப்படி? ஒன்பதாயிரம் பாடி வந்து எறங்கியாச்சே. கையேட்டுல ஒரு வரி சேர்த்துரலாம், ஈரக்கையா இருந்தா செவுத்து சுவிட்சை அணைக்கவும்னு. குரல்லயும் சொல்ல வெச்சரலாம், ஆரம்பத்துலயே ஒருக்கா."

"அந்தப் பலகையைக் கழட்டிட்டு" என்றேன். எப்படியோ வந்துவிட்டது. "பழைய சுவிட்சையே மாட்டிட்டா?"

கழட்டுவதா என்று அவர் கேட்கவில்லை, பார்த்தார். பக்கம் புரட்டிய அன்றைக்குப் பார்த்த அதே கண். "அதெல்லாம் அப்பா கையில வாங்கி வெச்ச சீட்டு அங்கிள். எதைக் கழட்டறது? நீங்கதானே டைப் பண்ணிக் குடுத்தீங்க."

"இல்ல தம்பி, சும்மா கேட்டேன்" என்றேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். அவர் பேனாவை நீட்டினார். அறுபதாவது வரியில் டிக் போட்டு, அடியில் இருந்த கட்டத்தில் வெள்ளிங்கிரி என்று எழுதி, பழக்கதோஷத்தில் தேதியும் போட்டேன். கையெழுத்து அழகாக விழுந்தது. அவர் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார், வாசலில் நின்று, "தாங்க்ஸ் அங்கிள், நல்ல சமயத்துல காப்பாத்துனீங்க" என்றார். உண்மையாகவே சொன்னார்.

மயிலாத்தா மாவை வழித்துத் தூக்கில் போட்டார், கல்லைக் கழுவினார், கையைக் கழுவி முந்தானையில் துடைத்தார்.  பிறகு கேட்டார். "ஏனுங்க சார், ஆயுத பூசைக்கு நமக்கு இந்த மிசின்தானுங்களா?"

"ஆமாக்கா."

"எங்கூட்ல செவுத்து சுவிட்ச் தலைக்கு மேல இருக்குதுங்க. வாடகை வீடு. முக்காலி போட்டு ஏறித்தான் போடோணும். பழசையே வெச்சுக்கட்டுங்களா?"

"வெச்சுக்குங்க. இது வேண்டாம்னு சின்னவர்கிட்டச் சொல்லிருங்க."

"மாலை போட்டுக் குடுக்கறதை நானெப்படீங்க வேண்டாம்னு சொல்றது?" என்றார். "நீங்களே சொல்லலை."

குத்திக் காட்டவில்லை. உளுந்து ஊறிவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்குள் அடுத்த பாத்திரத்தை எடுத்து மேடையில் வைத்துவிட்டார், போட்டோவுக்காக இன்னொரு ஈடு ஆட்ட வேண்டும் என்று சின்னவர் சொல்லியிருக்கிறாராம். "போடட்டுங்களா?" என்றார். "போடுங்க" என்றேன். உளுந்து விழுந்தது. இரைச்சல் தொடங்கியது. வணக்கம், இன்று என்ன ஆட்டலாம் என்று கேட்டது குரல், உளுந்துதாஞ்சாமி என்று பதில் சொன்னார் அவர். நான் எழுந்து, நாற்காலியைத் தூக்கி, மேடைக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். என் முழங்கை சுவர் சுவிட்சிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இந்த ஒரு அறைக்கு இப்படி உட்கார்ந்துவிடலாம். மற்ற ஒன்பதாயிரத்துக்கு எங்கே போய் உட்காருவது.

"என்னுங்க சார், இங்க வந்து உக்காந்துட்டீங்க?" மயிலாத்தா குனிந்து ஓரத்து மாவை விரலால் வழித்துக்கொண்டே கேட்டார். முந்தானை தோளிலிருந்து ஒரு விரல்கடை நழுவியிருந்தது.

"ஒண்ணுமில்லக்கா, நீங்க ஆட்டுங்க" என்றேன்.